மாக்கோழியும் திரைக்கொலையும்

சமண அறவியல் இம்சையை இரண்டாகப் பகுக்கிறது: உயிரின் உடலுக்குத் தீங்கு செய்வது திரவிய இம்சை, தீங்கு செய்யும் எண்ணமும் அதில் கொள்ளும் களிப்பும் உள்ளத்தில் எழுவது பாவ இம்சை. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் இப்பகுப்பை அதன் கடைசி எல்லைவரை கொண்டுசெல்கிறது. தீக்கனவின் விளைவு நீங்கப் பலியிட வேண்டுமென்று தாய் சந்திரமதி வற்புறுத்த, உயிர்க்கொலைக்கு உடன்படாத மன்னன் யசோதரன் மாவினால் செய்த கோழியொன்றை வெட்டிப் பலியிடுகிறான். அதன் பயனாகத் தாயும் மகனும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவிகள் எடுத்துத் துன்புறுகின்றனர்.

வன்முறை மிகுந்த வீடியோ கேம்களும் திரைப்படங்களும் குழந்தைகளைக் கொடியவர்களாக்குமா என்று இன்று எழும் கேள்விக்கு இக்கதையை அப்படியே விடையாக்கினால், திரையில் சுடும் சிறுவர் அனைவரும் கொலையாளிகள் என்றாகிவிடும். அது பெரும் அநீதி. மாக்கோழி உயிருள்ள கோழிக்குப் பதிலாக வைக்கப்பட்டது. வெட்டியவன் வேண்டியதும் கொலையால் கிடைக்கும் பயனையே. விளையாடும் சிறுவனோ பெரும்பாலும் வெற்றியை மட்டுமே நாடுகிறான். சதுரங்கத்தில் குதிரையை வெட்டுபவனுக்குக் குதிரையின்மேல் பகையில்லை. ஆயினும் வதைபடுவோரின் அலறலையே சுவைப்பொருளாக்கி, வதைப்பவருக்குப் புள்ளிகளோ கைதட்டலோ பெற்றுத்தரும் படைப்புகளும் உள்ளன. அங்கு உள்ளம் பழகுவது பிறர் துன்பத்தில் மகிழ்வதற்கே ஆதலால், பாவ இம்சை என்னும் சொல் அவற்றுக்கு முழுவதும் பொருந்தும்.

1961இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய ஆய்வில், காற்றடைத்த போபோ பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைக் கண்ட மழலையர் பலர் தாமும் அவ்வாறே அடித்தனர். ஆனால் அது அடிவாங்கவென்றே செய்யப்பட்ட பொம்மை. அதை அடித்த குழந்தை தன் தோழனையும் அடிக்கும் என்பது அதனால் நிறுவப்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல், வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டு நடத்தைக்கும் சிறு தொடர்பு உண்டென்றும், கொடிய வன்செயல்களுக்கு அவற்றையே காரணமாகக் காட்டப் போதிய சான்றில்லையென்றும் தெளிவுபடுத்தியது. ஆறுதல் தரும் முடிவுதான். எனினும் அது பேசுவது பெரிதும் புறச்செயலைப் பற்றியே.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் சமணம் வினையாகவே கொள்கிறது. வெட்டிய மகனோடு வற்புறுத்திய தாயும் பிறவித்துயரைச் சுமந்தது அதனால்தான். இந்நோக்கில் முதலில் வினவப்பட வேண்டியவர்கள் குழந்தைகள் அல்லர். கொடுமைக்குப் பரிசு வைத்து விளையாட்டை வடிவமைப்போரும், வயது வரம்பைப் பாராமல் அதை வாங்கிக் கொடுப்போரும், பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு கொலைக்காட்சிக்குக் கைதட்டுவோரும் செய்விப்போர், உடன்படுவோர் வரிசையில் நிற்கின்றனர்.