தரச்சான்றும் பார்வையாளரின் பொறுப்பும்

அமெரிக்காவில் 1966-ல் இயற்றப்பட்டு, 1970-ல் காட்சிச்சாலைகளுக்கும் விரிவாக்கப்பட்ட விலங்கு நலச் சட்டத்தின்படி, வனவிலங்குகளைக் காட்சிக்கு வைப்போர் வேளாண்மைத் துறையின் உரிமம் பெற வேண்டும். எனினும் அந்த உரிமம் உணவு, நீர், உடலை அசைக்கப் போதிய இடம் போன்ற குறைந்தபட்சத் தேவைகளையே வற்புறுத்துகிறது. தரச்சான்று என்பது அதனினும் மேலானது: 1924-ல் தோன்றிய உயிரியல் பூங்காக்கள் மற்றும் நீர்வாழ் உயிரினக் காட்சியகங்களின் சங்கம், மருத்துவம் முதல் நிதிநிலை வரை ஆராய்ந்து, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஏற்பே அது. இந்தியாவில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் ஏற்பின்றி எந்தப் பூங்காவும் இயங்கலாகாது. அமெரிக்காவிலோ சங்கத்தின் சான்றை நாடுவது பூங்காவின் விருப்பம் என்பதால், உரிமம் பெற்ற இடங்களுள் மிகச் சிலவே அதனைப் பெற்றுள்ளன.

சான்று இல்லாமை மட்டுமே ஓரிடத்தைக் குற்றவாளியாக்கிவிடாது. பிட்ஸ்பர்க் பூங்கா, யானைகளைப் பராமரிக்கும் முறை குறித்த கருத்து வேறுபாட்டால் 2015-ல் சங்கத்திலிருந்து விலகியது. கொலம்பஸ் பூங்கா 2021-ல் இழந்த சான்றை 2023-ல் மீண்டும் பெற்றது. ஆகவே சான்று வலுவான சாட்சியமே தவிர, முடிந்த தீர்ப்பு அன்று.

அவ்வாறாயின் எதைக் கொண்டு அளப்பது? பசி, உடல் வசதியின்மை, நோய், அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுதலையும் இயல்பாக நடந்துகொள்ளும் விடுதலையும் என விலங்கு நல அறிஞர் வகுத்த ஐந்தில், பார்வையாளர் கண்ணுக்குப் பசியிலிருந்து விடுதலை எளிதில் புலப்படும், அச்சத்திலிருந்து விடுதலை புலப்படுவதில்லை. கழுவித் துடைத்த சிமெண்டுத் தரை மனிதருக்குத் தூய்மையாகத் தோன்றினும், தோண்டவும் ஏறவும் ஒளியவும் ஏதுமற்ற விலங்குக்கு அது வெறுமையே. ஒரே தடத்தில் ஓயாது நடத்தல், தலையை ஆட்டிக்கொண்டே இருத்தல் போன்ற பயனற்ற மீள்நடத்தைகள் மன நெருக்கடியின் அறிகுறிகள். ஆயினும் அவை பழைய இருப்பிடத்தின் வடுவாகவும் இருக்கக்கூடும் என்பதால், ஒருநாள் பார்வையில் முடிவு கட்டுவது நேர்மையாகாது. புலிக்குட்டிகளைக் கையில் கொடுத்துப் படமெடுக்க விட்ட இடங்களில் கேட்கப்பட வேண்டியிருந்த கேள்வி, சென்ற ஆண்டின் குட்டிகள் இப்போது எங்கே என்பதாகும். சில மாதங்களிலேயே தொட இயலாதவையாக வளரும் அவற்றுடனான பொதுமக்களின் தொடர்பைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 2022 டிசம்பரில்தான் வந்தது.

கட்டணம் செலுத்தி உள்ளே சென்றபின் பிறக்கும் தீர்ப்பு, கண்டிக்கப்பட வேண்டிய இடத்தையும் வாழவைத்துவிடுகிறது. எனவே வேளாண்மைத் துறை பொதுவில் வெளியிடும் ஆய்வறிக்கைகளை முன்னரே படித்தறிவதும், பார்வையாளரின் கண்ணிலிருந்து விலகி மறைய விலங்குக்கு இடம் தராத பூங்காவுக்குச் செல்ல மறுப்பதும், விலங்கைக் காண விரும்பும் ஒவ்வொருவரின் கடமையாகும்.