சந்தியில் நிற்பவர்

முன்னே சென்றுவிட்ட ஒருவர், பின்னே வருபவருக்காக எதுவரை காத்திருக்கக் கடமைப்பட்டவர்? குருமடத்தில் நாம் பயின்ற ஒழுக்க இறையியல் நூல்களில் இவ்வினா இந்த வடிவில் எழுப்பப்பட்டதாக நினைவில்லை. நண்பகல் வெயிலில், நிறுத்திய மோட்டார் சைக்கிளின் அருகே நின்றுகொண்டிருந்த ஒருவரைக் கண்டபோதுதான் அது நம்முள் எழுந்தது.

2003ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் முற்பகுதி அது. உரோமையில் மேற்படிப்பில் இருக்கும் குருக்கள் கோடை விடுமுறையில் ஐரோப்பியப் பங்குகளுக்குப் பதிலிக் குருவாகச் செல்வது வழக்கம். அவ்வாறு நாம் சென்றது தென் பிரான்சின் புரோவான்ஸ் நாட்டுப்புறத்தில், வென்த்தூ மலையின் அடிவாரத்தில் அமைந்த ஒரு சிற்றூர். கோயில் முற்றத்தைத் தொட்டுச் செல்லும் சாலை அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலையுச்சிக்கு ஏறுகிறது. மற்றொன்று திராட்சைத் தோட்டங்களினூடே சமவெளிக்கு இறங்குகிறது. அன்று முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து மலைச்சாலையில் திரும்பிற்று. இரண்டாவதாக வந்தவர் அத்திருப்பத்திலேயே வண்டியை நிறுத்தி இறங்கினார்; தலைக்கவசத்தைக் கழற்றி வண்டிமேல் வைத்தார்; மலைச்சாலையை நோக்கிக் கையை நீட்டியபடி நின்றார். ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது வண்டிகள் வந்தன; அந்தக் கையைப் பார்த்துத் திரும்பி ஏறிச் சென்றன. பிறகு சாலை வெறுமையாயிற்று. அவர் மட்டும் நின்றார்.

கால் மணி நேரம் கழித்து அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஐம்பது வயதை ஒட்டிய இத்தாலியர். மரநிழலுக்கு வருமாறு அழைத்தோம். “அங்கே நின்றால் வருகிறவர்களுக்கு என்னைத் தெரியாது, தந்தையே” என்றார். இன்னும் எத்தனை பேர் வரவேண்டும் என்று கேட்டோம். “நான் எண்ணவில்லை. மஞ்சள் மேலங்கி போட்டவர் இன்னும் வரவில்லை. அவர் வந்தால்தான் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று பொருள்.” மேலும் அரைமணி நேரம் சென்றது. பின்சக்கரத்தில் காற்று இறங்கி வழியில் நின்றுவிட்ட ஒருவரும், அவருக்குத் துணைநின்ற மஞ்சள் மேலங்கிக்காரரும் ஒருவாறு வந்து சேர்ந்தனர். நம் நண்பர் முணுமுணுப்பு ஏதுமின்றித் தலைக்கவசத்தை அணிந்துகொண்டு அவர்களோடு மலையேறினார்.

அன்றிரவு அக்குழுவினர் நம் ஊர் விடுதியிலேயே தங்கினர். மாலைத் திருப்பலிக்குப் பின் அவர்களுடைய வழிகாட்டி வந்து வண்டிகளை மந்திரிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இத்தாலியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரைக் கிரேக்கப் பழங்கதையின் குதிரை மனிதர் பெயரால் ‘சென்தௌரி’ என்று அழைக்கின்றனர். பியத்மோன்ந்து பகுதியிலுள்ள கஸ்தெலாத்சோ என்னும் ஊரின் அன்னை மரியாவை அவர்களின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1947இல் அறிவித்தார். பெரும்பாலான வண்டிகளில் அந்த அன்னையின் சிறிய உருவம் ஒட்டப்பட்டிருந்தது. மந்திரித்து முடிந்ததும், நண்பகலில் நாம் கண்டதன் பொருளை அவரிடம் கேட்டோம்.

அவர் விளக்கியது இது. குழுவின் தலைப்பில் வழிகாட்டி செல்வார். கடைசியில் மஞ்சள் மேலங்கிக்காரர் வருவார். இவ்விருவர் இடம் மாறுவதில்லை. நடுவிலுள்ளோர் தத்தம் வேகத்தில் வரலாம். சாலை பிரியும் இடம் வந்தால், வழிகாட்டிக்கு அடுத்து வருபவர் அங்கே நின்று வழி காட்டுவார். மஞ்சள் மேலங்கி கண்ணுக்குத் தென்படும் வரை அவர் அவ்விடத்தை விட்டு அகலக் கூடாது. அதன்பின் அவருக்கு முன்னதாகப் புறப்படுவார். அதாவது இரண்டாவதாக இருந்தவர் இப்போது வரிசையின் கடைசியில் இருப்பார். அடுத்த சந்தியில் வேறொருவர் நிற்பார். இவ்வாறு ஒவ்வொருவராக நின்று பின்தங்க, கடைசியில் உள்ளவர் தாமாகவே முன்னுக்கு வருவார். முதலானோர் கடைசியாவதும் கடைசியானோர் முதலாவதும் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். அது ஒரு நாளில் பலமுறை, எவரும் அவமானப்படாமல், தார்ச்சாலையின் மீது நடைபெறக்கூடும் என்று நாம் எண்ணியதில்லை.

இவர்கள் ஆறு நாள் பயணமாக வந்தவர்கள். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுள்ள மதலேனாக் கணவாய் வழியே ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பிரான்சில் நுழைந்து, 700 மீட்டர் ஆழம்வரை பிளந்து கிடக்கும் வெர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்புச் சாலையில் சுற்றி, வலன்சோல் மேட்டுநிலத்தின் லாவண்டர் வயல்களைக் கடந்து வந்திருந்தனர். அறுவடை முடிந்துவிட்டதால் ஊதாநிறம் காணக் கிடைக்கவில்லை, மணம் மட்டும் இருந்தது என்று அவர்களுள் ஓர் அம்மையார் வருந்தினார். இவ்வகைப் பயணத்தின் மீது நமக்கு முதலில் ஓர் ஏளனம் இருந்ததை மறைப்பதற்கில்லை. பணம் கொடுத்து இன்னொருவர் வகுத்த வழியில், இன்னொருவர் சொல்லும் இடத்தில் உண்டு, இன்னொருவர் காட்டும் அழகை வியப்பதும் ஒரு பயணமா என்று எண்ணினோம். தோமா அக்குவினா நம்மைத் திருத்தினார். பிறரிடமிருந்து கற்க இணங்குவதை அவர் விவேகம் என்னும் நற்பண்பின் ஓர் உறுப்பாகவே வைக்கிறார்; செயலுக்குரிய காரியங்களில் எந்த மனிதரும், கற்றறிந்தவரேயாயினும், தமக்குத் தாமே முற்றிலும் போதியவர் அல்லர் என்பது அவர் காட்டும் காரணம். மலைச்சாலையில் அடுத்த வளைவு எப்படி மடங்குகிறது என்பதை அறிந்தவரிடம் கேட்டு நடப்பது அடிமைத்தனம் ஆகாது.

ஆயினும் அந்தச் சந்தி மனிதர் உணர்த்தியது வேறொன்று. முன்னே செல்பவரைக் கண்ணிலிருந்து தவறவிடக் கூடாது என்னும் அச்சத்தோடு பின்தொடரும் குழுவில், வரிசையின் வாலில் உள்ளவருக்குத்தான் அவதி. முன்னே உள்ளவர் சற்று விரைந்தால், பின்னே உள்ளவர் மும்மடங்கு விரையவேண்டியிருக்கும். தம் திறமைக்கு மீறிய வேகத்தில் வளைவுக்குள் நுழைந்து விழுபவர் பெரும்பாலும் இத்தகையவரே என்றார் வழிகாட்டி. சந்தியில் ஒருவர் நிற்பார் என்ற உறுதி இருந்தால் அந்த அச்சம் இல்லை. மெதுவாக வரலாம், நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். பதினொருவரின் விடுதலை, நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் கட்டுப்பாட்டில் தங்கியிருக்கிறது. காணாமற்போன ஆட்டின் உவமையைப் படிக்கும் சிலர், ஒன்றுக்காகத் தொண்ணூற்றொன்பது ஏன் துன்புற வேண்டும் என்று கேட்பர். இங்கே ஒருவருக்காக எல்லாரும் காத்திருக்கவில்லை. எல்லாருக்காகவும் ஒருவர், முறைவைத்து, காத்திருக்கிறார்.

வழிகாட்டி மற்றொரு நிகழ்ச்சியையும் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பயணத்தில், சந்தியில் நின்றவர் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு, எல்லாரும் போய்விட்டனர் என்று கருதிப் புறப்பட்டுவிட்டார். பழுதான ஒருவரின் வண்டிக்காக மஞ்சள் மேலங்கிக்காரர் வழியில் நிற்க, அவருக்குச் சற்று முன்னே வந்த ஓர் இளைஞர் வெறுமையான சந்தியைக் கண்டு, நேர்ச்சாலையில் போய்விட்டார். இருட்டிய பிறகே அவரைக் கண்டுபிடித்தனர். அடி ஏதும் இல்லை. ஆனால் சாலையோரத்தில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தாராம். நின்றவரிடம் கேட்டதற்கு, “இருபது நிமிடம் நின்றேனே” என்று மீண்டும் மீண்டும் சொன்னாராம்.

அந்த இருபது நிமிடத்தின் மதிப்பு என்ன? ஒழுக்க இறையியல் அறியாமையை இரு வகையாகப் பிரிக்கிறது: ஒருவரால் வெல்ல முடியாத அறியாமை, முயன்றால் வெல்லத்தக்க அறியாமை. முன்னது குற்றத்தை நீக்கும்; பின்னது நீக்காது. பின்னே ஓர் இளைஞர் இருந்தார் என்பது நின்றவருக்குத் தெரியாது என்பது உண்மையே. ஆனால் மஞ்சள் மேலங்கி வரவில்லை என்பது தெரியும். அவர் எண்ணிக்கையில் தவறவில்லை. எண்ணிக்கையை நம்பியதில் தவறினார். நாம் அவர்மீது கடுமையாகத் தீர்ப்பிட விரும்பவில்லை. சில கடமைகளை அளவால் பகுக்கலாம்: பாதிக் கடனை அடைத்தவர் பாதி அடைத்தவரே. காத்திருத்தல் அவ்வாறு பகுபடாதது. கடைசியாள் வருமுன் முடிந்துபோன காத்திருத்தல், அந்தக் கடைசியாளைப் பொறுத்தவரை, நிகழவே இல்லை. ஒப்புரவுத் தொட்டியில் குறித்த நேரம் அமர்ந்து, எவரும் வராததால் எழுந்து சென்றுவிட்ட குருக்கள் அனைவருக்கும் இது சற்று உறுத்தும், நமக்கு உறுத்துகிறது.

இன்று இவ்வகைப் பயணங்களில் வண்டிகளில் செயற்கைக்கோள் வழியறியும் கருவி பொருத்தப்படுவதுண்டு. சந்தியில் ஆள் நிற்கத் தேவையில்லை. வழிகாட்டியே தேவையில்லை என்போரும் உண்டு. நல்லதுதான். வழி தவறி அழுபவர் குறைவர். எனினும் அக்கருவி அவரவர்க்கு அவரவர் வழியைச் சொல்லுமேயன்றி, இன்னும் வராதவருக்காக யாரையும் வெயிலில் நிறுத்தாது. தன் சகோதரனுக்குத் தான் காவலாளியா என்று காயின் கேட்ட கேள்விக்கு வழி தெரிந்திருப்பது மட்டும் விடையாகிவிடுமா?

அந்த ஊரிலிருந்து பார்த்தால் வென்த்தூ மலையின் உச்சி கோடையிலும் பனி போர்த்தியதுபோல் வெளுத்திருக்கும். பனியன்று, வெறும் சுண்ணாம்புக்கல். 1,900 மீட்டருக்கும் மேற்பட்ட அந்த உயரத்திற்கு 1336ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் தாம் ஏறியதாகக் கவிஞர் பெத்ரார்க் ஒரு மடலில் எழுதியுள்ளார். உச்சியில் அவர் தூய அகுஸ்தினாரின் ‘அறிக்கைகள்’ நூலைத் திறக்க, மலைகளின் உயரத்தை வியந்து தம்மை மறந்துவிடும் மனிதரைக் கடிந்துரைக்கும் பகுதி கண்ணில் பட்டது. அவர் நாணி வாய்மூடி இறங்கினார். இயற்கை அழகைக் காணச் செல்வோருக்கு எச்சரிக்கையாக இதனை எடுத்துக்காட்டுவோர் பலர். நம் மனம் தங்குவது அம்மடலின் வேறோர் இடத்தில். பெத்ரார்க் தம் தம்பி கெரார்தோவுடன் ஏறினார். தம்பி செங்குத்தான நேர்வழியில் ஏறிச் சென்றார். அண்ணனோ எளிய வழி தேடிப் பள்ளங்களில் மீண்டும் மீண்டும் சுற்றி அலைந்து, களைத்துச் சலித்து மேலே வந்தார். அங்கே தம்பி இளைப்பாறி முடித்து அமர்ந்திருந்தார். உச்சியில் நிகழ்ந்ததைப் பற்றி அறிஞர்கள் எழுதிக் குவித்துள்ளனர். காத்திருந்த தம்பியைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. அவர் பிற்காலத்தில் கர்த்தூசியத் துறவியானார்.

2003 ஆகஸ்டின் அந்த வெயிலைப் பற்றி அப்போது நாம் குறைபட்டுக்கொண்டோமே தவிர, அதன் கொடுமையை உணரவில்லை. அவ்வெப்ப அலையில் பிரான்சு நாட்டில் மட்டும் வழக்கத்தைவிட ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக இறந்தனர் என்பது பின்னர்த் தெரிந்தது. பெரும்பாலோர் முதியோர், பலர் தனித்து வாழ்ந்தவர். ஆகஸ்டு அந்நாட்டில் விடுமுறை மாதம். மருத்துவர்கள் விடுப்பில், அண்டை வீட்டார் கடற்கரையில், பங்குத்தந்தையர் ஓய்வில். செப்டம்பர் 3ஆம் நாள், உரிமை கோர எவரும் வராத 57 உடல்கள் பாரிசு மாநகரை அடுத்த தியே கல்லறையில் குடியரசுத் தலைவர் முன்னிலையில் அடக்கம் செய்யப்பட்டன. எல்லாரும் ஏதோ ஒரு மலைச்சாலையில் முன்னே போய்விட்டிருந்தனர். அவர்கள் தீயவர்கள் அல்லர். எல்லாரும் வந்துவிட்டனர் என்று எண்ணியவர்கள்.

இதனைப் பிறர்மீது சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. மறுநாள் காலை குழு புறப்படும்போது அந்தச் சந்தி மனிதர் நம்மைத் தேடி வந்தார். “கோயிலுக்கு எதிரே நீலநிறச் சாளரக் கதவுள்ள வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக இருக்கிறார், தந்தையே. நான் வெயிலில் நிற்பதைப் பார்த்து, கதவை இலேசாகத் திறந்து, உடம்புக்கு ஏதுமா என்று இருமுறை கேட்டார். அவருக்குத்தான் உடம்பு சரியில்லை போலிருக்கிறது” என்றார். நாம் அவ்வூருக்கு வந்து அன்றோடு ஒன்பது நாள். பங்குத்தந்தை விட்டுச் சென்ற நோயாளர் பட்டியலில் அந்த வீடு இல்லை. அம்மையார் கோயிலுக்கு வருபவரும் அல்லர். சாளரம் எப்போதும் சாத்தியிருந்ததால் அவ்வீட்டில் ஆளில்லை என்றே நினைத்திருந்தோம்.

அன்று ஞாயிறு, மூன்று ஊர்களில் திருப்பலி. திங்களன்று வெயில் இன்னும் கடுமையாக இருந்தது. மாலையில் போகலாம் என்றிருந்து, பிறகு ஒரு மடலை எழுத அமர்ந்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை காலை போய்க் கதவைத் தட்டினோம். முந்தின நாள் இரவே அவரை நகர மருத்துவமனைக்குக் கொண்டுசென்றுவிட்டதாக ரொட்டிக் கடைக்காரர் சொன்னார். அவருடைய பெயரையும் அவரிடம்தான் கேட்டறிந்தோம். அவர் வீடு திரும்பினாரா என்பது தெரியவருமுன் நம் பதிலிப்பணி முடிந்து, உரோமைக்கு இரயிலேற வேண்டியதாயிற்று.