எருக்கந்தூண்கள்

வட திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில், கருவறைக்கு முன்னால் இரண்டு தூண்கள் நிற்கின்றன. எருக்கந்தூண் என்கிறார்கள். புழல் கோட்டையை வென்ற தொண்டைமான் அங்கிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை என்பது தலவரலாறு. எருக்கு இவ்வளவு பருக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். எனக்கு வேறு ஒரு கேள்வி. தோற்றவனின் பொருள் சாமிக்கு இத்தனை அருகில் ஏன் நிற்கிறது?

*

கதை இது. புழலில் குறும்பர்களுக்குக் கோட்டை இருந்தது. தொண்டைமண்டலத்தை 24 கோட்டங்களாக வகுத்து ஆண்டார்கள். படையெடுத்து வந்த தொண்டைமான் முதலில் தோற்றுத் திரும்பினான். வழியில் அவன் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. வாளால் வெட்டினான். கொடிக்குள்ளிருந்து ரத்தம் வந்தது. விலக்கிப் பார்த்தால் லிங்கம். தன் கழுத்தை அரியப் போனவனை இறைவன் தடுத்து, நந்தியைத் துணைக்கு அனுப்பிவைத்தார். அதனால்தான் அந்தக் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்க்காமல், போருக்குக் கிளம்பிய கோலத்தில் வாசலைப் பார்த்திருக்கிறது. வெட்டுப்பட்ட திருமேனிக்கு ஆண்டு முழுதும் சந்தனக்காப்பு. சித்திரைச் சதயத்தில் பழையதைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள்.

வென்ற கதைதான். ஆனால் முதலில் அவன் தோற்றான் என்பதை ஊர் மறக்கவில்லை. குறும்பரை வெல்ல மனிதப் படை போதவில்லை, தெய்வமே வர வேண்டியிருந்தது என்றும் சேர்த்துச் சொல்கிறது. பகைவனை இதைவிட உயர்த்திச் சொல்ல முடியுமா?

*

இந்தக் கதையும் இதன் உறவுக் கதைகளும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காகிதத்தில் ஏறின. காலின் மெக்கன்சி நிலம் அளக்க வந்தவர். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுத்தார்கள். ஏடுகளைத் தேடினார்கள், பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். அந்த வேலையைத் தொடக்கத்தில் நடத்தியவர் காவலி வெங்கட போரய்யா. அவர் 1803இல் இளவயதிலேயே இறந்துவிட, தம்பி லட்சுமய்யா ஏற்றுக்கொண்டார். 1821இல் மெக்கன்சி இறந்தபின் அவர் மனைவியிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அந்தத் தொகுப்பை ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அதன் ஒரு பெரும்பகுதி சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

அங்கே தலபுராணம் சொல்லாத குறும்பர்களும் வருகிறார்கள். ஆடு மேய்க்கிறார்கள், வணிகம் செய்கிறார்கள். ஒரு சமணத் துறவி அவர்களிடம் வருகிறார். புழலில் பசதி என்னும் சமணக் கோயில் எழும்புகிறது. புழலில் ஆதிநாதருக்கு இன்றும் கோயில் இருப்பதை வைத்துப் பார்க்கும்போது, இந்தக் குறிப்பை வெறும் கற்பனை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

*

கதைகளால் யாருக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு எல்லிஸைக் காட்டலாம். தமிழை நேசித்த அந்தச் சென்னைக் கலெக்டர், மிராசு உரிமை பற்றிய கேள்விகளுக்கு எழுதி 1818இல் அச்சான விடைகளில் இந்த மரபையே முன்வைத்தார். குறும்பரை வென்ற தொண்டைமானான ஆதொண்டச் சக்கரவர்த்தி காட்டைத் திருத்த வேளாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினான், அவர்கள் வழிவந்தவர்களுக்கே நிலத்தில் காணியாட்சி உண்டு என்பது அதன் சாரம். திண்ணையில் சொல்லப்பட்டது கச்சேரியில் சான்றாயிற்று. குறும்பர் என்ன ஆனார்கள், சேற்றில் இறங்கி உழுதவர்களுக்கு என்ன பாத்தியம் என்பவற்றுக்கு அந்தக் கதையில் இடமில்லை. ஒரு கதை எங்கே முடிகிறது என்பதில் எத்தனை பேரின் நிலம் அடங்கியிருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

*

ஏடுகள் ஆதொண்டனைக் குலோத்துங்க சோழனின் மகன் என்கின்றன. குலோத்துங்கன் முடிசூடியது 1070இல். ஆனால் அதற்கு முந்தியவரான சுந்தரரின் திருமுல்லைவாயில் பதிகத்திலேயே தொண்டைமானும் களிறும் முல்லைக்கொடியும் வந்துவிடுகின்றன. ஆக, கொடி பழையது. சோழத் தகப்பன் பின்னால் வந்து சேர்ந்தவன். இதனால் கதை பொய்யாகிவிட்டதாக நான் கருதவில்லை. ஒவ்வொரு காலமும் தனக்குத் தெரிந்த பெரிய அரசனை அதற்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது. வைத்த தடம் தெரிகிறதே, அதுவும் வரலாறுதான்.

*

புழல் என்றால் இப்போது ஏரி, சிறை, செங்குன்றம் அரிசி ஆலைகள். ஜி.என்.டி. சாலையில் இரவும் பகலும் கனரக லாரிகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய் வருகின்றன. 1893இல் வெளிவந்த தன் நூலில் குறும்பர்களைப் பற்றி விரிவாக எழுதிய குஸ்தாவ் ஆப்பர்ட் புழலையும் அதில் பேசினார். அவர் காலத்துக்குப் பிறகு கோட்டையைத் தேடுவது இன்னும் கடினமாகிவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடி வரும் நாளில், மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன், திருவொற்றியூரில் வடிவுடையம்மன், முல்லைவாயிலில் கொடியிடையம்மன் என மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கப் பெண்கள் கிளம்புகிறார்கள். வேனோ பஸ்ஸோ, மணலி, எண்ணூர் ஆலைகளின் பக்கமாகத்தான் போகிறது. கோட்டை போனாலும் கொடி இந்த மக்களின் நாட்காட்டியில் படர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

*

லட்சுமய்யாவுக்கு நேர்ந்ததை எழுதாமல் இந்தப் பக்கங்களை மூட முடியவில்லை. மெக்கன்சி விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர அவர் அனுமதி கேட்டார். பரிசீலித்த வங்காள ஆசியக் கழகத்தின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப் 1836இல் சொன்ன கருத்து: இந்தப் பணிக்குத் தேவையான தகுதி இவரிடம் இல்லை, இந்த நாட்டவர் யாரிடமும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. வேலை பாதிரியார் வில்லியம் டெய்லரிடம் போனது. டெய்லர் உழைத்தார், பெரிய அட்டவணைகளை அச்சிட்டார். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் எத்தனையோ ஆண்டுகள் ஆட்களை ஊர்களுக்கு அனுப்பி, வந்த அறிக்கைகளைப் படித்து, எது பழையது எது ஒட்டியது என்று பிரித்துப் பழகியவருக்குக் கதையின் மதிப்பு தெரியாது என்று தீர்த்துவிட்டார்கள். குறும்பர் கதையை எங்கே குறிப்பிட்டாலும் மெக்கன்சி சுவடி என்பதோடு நிறுத்தாமல், காவலி சகோதரர்களின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறேன்.