தானியேலின் மேலறை

தானியேலின் கதையைச் சொல்லும்போது எல்லோரும் சிங்கக் கெபிக்குத்தான் அவசரப்படுகிறோம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சிங்கம்தான் பிடிக்கும். எனக்கோ வயது ஏற ஏற, கெபிக்கு முன்னால் வரும் மேலறைதான் பெரிதாகத் தெரிகிறது. 30 நாள்வரை ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் பண்ணக்கூடாது என்று தரியு ராஜா கையெழுத்துப் போட்டுவிட்டான். தானியேலுக்கும் அது தெரியும். தெரிந்தே வீட்டுக்குப் போய், எருசலேமை நோக்கிய பலகணி திறந்திருக்க, மூன்று வேளையும் முழங்கால்படியிட்டார். புதிதாக ஒன்றும் செய்யவில்லை. என்றும் செய்வதை அன்றும் செய்தார். சட்டம் வந்த பிறகு ஜெபிக்கப் பழகியிருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் குடும்ப ஜெபம் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பாய் விரிப்பார்கள். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம். ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வரும்போது சின்னப் பிள்ளை நேபுகாத்நேச்சார் என்ற பெயரிடம் மாட்டிக்கொண்டு திணறும். அடுப்பில் குழம்பு கொதிக்கும். பாதி நாள் யாருக்கும் மனம் லயிக்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

பல வருஷம் கழித்து ஒரு ராத்திரி, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அப்பா. அம்மாவின் மூக்குக்கண்ணாடி வீட்டில், வேதப் புத்தகமும் கையில் இல்லை. அம்மா 121ஆம் சங்கீதத்தைத் தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தார். எட்டே வசனம். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. தூக்கக் கலக்கத்தில் பாயில் கேட்டது எனக்கும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. மனம் லயிக்காத நாட்களும் வீண்போகவில்லை என்று அன்று தெரிந்தது.

வேதத்தை வாசிப்பது ஒன்று, ஆராய்வது ஒன்று. புத்தாண்டு ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த வசனத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, வருஷம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தால், வேதம் நமக்குப் பிடித்ததை மட்டுமே சொல்லும். வரிசையாகப் படிப்பவர் யோபுவையும் புலம்பலையும் கடந்துதான் வரவேண்டும். 88ஆம் சங்கீதம் ஆறுதல் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதைப் படித்தவர், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய் "எல்லாம் நன்மைக்கே" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லமாட்டார். பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

வீட்டிலேயே ஜெபிக்கலாமே, யூடியூபிலேயே பிரசங்கம் கேட்கலாமே, கோயிலுக்கு எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். என் விசுவாசம் வறண்டுபோன ஞாயிறுகளில் எனக்காகவும் பக்கத்து வரிசைக்காரர்கள் பாடியிருக்கிறார்கள். இரண்டு வாரம் போகாவிட்டால், "என்னடே, ஆளையே காணோம்?" என்று தெருவில் மறித்துக் கேட்க ஒருவர் இருக்கிறார். யூடியூப் அப்படிக் கேட்காது.

அதற்காக, தவறாமல் கோயிலுக்கு வருகிறவரெல்லாம் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, திங்கட்கிழமை கடையில் எடை குறைப்பவரும் உண்டு. அப்படிப்பட்டவர்களைப்பற்றி நம்மைவிடக் கடுமையாகப் பேசியவர் ஆமோஸ் தீர்க்கதரிசி. கள்ளத்தராசு வைத்து ஏழையை ஏய்த்தவர்களை அவர் விடவில்லை. நியாயம் இல்லாத இடத்தில் பண்டிகையும் பாட்டும் கடவுளுக்கு அருவருப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆகவே ஆராதனையின் பலனைக் கோயிலுக்குள் அளக்க முடியாது. கடன் கேட்டு வந்தவரிடம் பேசும் பேச்சிலும், கோபம் தலைக்கேறும்போது அடக்கும் நாவிலும்தான் அது தெரியும். வேதத்தை ஒழுங்காகப் படிப்பவருக்கு இந்தக் கண்டிப்பும் கண்ணில் படும். தன்னைத் திருத்திக்கொள்ள அதுவும் ஒரு பலம்.

வேதத்தில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. தினம் மூன்றும் ஞாயிறன்று ஐந்தும் படித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். அவ்வளவு முடியாதென்றால் ஒரு சங்கீதம் போதும்; ஆனால் நேரத்தை மாற்றாதீர்கள். கஷ்டம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். வேலையும் உடம்பும் வீடும் நன்றாக இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.