இல்லறத் தவமும் வீட்டுக் கல்வியும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பயிற்றுவிக்கும் வீட்டுக் கல்வி, இல்லறம் தன்னளவில் ஒரு தவமாகுமா என்ற பழைய கேள்வியைத் தாயின் அன்றாடத்துக்குள் கொண்டுவருகிறது. திருக்குறள் இல்வாழ்க்கையையும் (5ஆம் அதிகாரம்) துறவையும் (35ஆம் அதிகாரம்) அறத்துப்பாலிலேயே வைத்திருப்பதால், அடுப்படியும் அறம் பயிலும் இடமே எனக் கொள்ளலாம்.

ஆயினும் அத்தவத்தின் சுமை யார்மீது விழுகிறது என்பதே முதன்மையான கேள்வி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு அருகிலுள்ள புதுவாயல் போன்ற ஊர்களில், ஷிஃப்ட் முறையில், அதாவது இரவு பகல் மாறி மாறி வரும் பணிநேரத்தில் உழைக்கும் ஒருவரின் குடும்பத்தை எண்ணிப் பார்த்தால், இரவுப்பணி முடித்தவர் பகலில் உறங்கும் அதே அறைக்கு அருகே பாடமும் சமையலும் துவைப்பும் ஓசையின்றி நடக்க வேண்டியிருக்கும். அவ்வீட்டின் கால அட்டவணை பெரும்பாலும் ஆலையின் கடிகாரத்துக்கே கட்டுப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசப் பள்ளிக் கல்வியை உரிமையாக்கியிருப்பதால், இச்சுமை தவிர்க்க இயலாததும் அன்று.

பலனில் பற்றின்றிச் செயலாற்றுவதாகிய கருமயோகத்தைக் காட்டி, ஓய்வற்ற உழைப்பைத் தாயின் இயல்பான கடமையாக்குவோர், கீதையின் இறுதி அத்தியாயத்தில் கண்ணன் அனைத்தையும் உரைத்தபின் முடிவை அர்ச்சுனனிடமே விடுவதை மறந்துவிடுகின்றனர். தானே தேர்ந்து ஏற்காத உழைப்பைத் தவமென அழைப்பது அநீதியாகும்; ஆகவே துவைப்பையும் சமையலையும் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளாத வீட்டில், வீட்டுக் கல்வி அறமா என்று கேட்கும் உரிமை முதலில் அத்தாய்க்கே உரியது.