அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்

"அண்ணாவுக்குக் குடுக்கிறியாம்மா?" என்று டாக்டர் குனிந்து கேட்டார். ஒன்பது வயது அவளுக்கு. முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் தலையாட்டினாள். அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். கேட்டது எலும்பு மஜ்ஜை. வெந்நீர் பிளாஸ்க்கோடு கதவோரம் நின்றிருந்தேன் நான். எத்தனையோ வருடமாகிறது. அந்தப் பார்வை என்னைவிட்டுப் போகவில்லை.

*

மஜ்ஜை மறுபடி ஊறும். ஈரலும் வளர்ந்துவிடும். எடுத்த சிறுநீரகம் வராது. மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பில் ஊசி குத்துவதும், வயிற்றைத் திறந்து ஈரலில் ஒரு பகுதியை வெட்டுவதும் ஒன்றல்ல. ஆனால் எதற்கானாலும், கேட்கப்படுகிற பிள்ளை அதே அம்மா முகத்தைத்தான் பார்க்கும்.

*

1954 டிசம்பரில் பாஸ்டனில், இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார்கள். அவர்கள் பெரியவர்கள். 1957-க்குள், இதேபோல் சிறுநீரகம் கொடுக்க அனுமதி கேட்டு 14 வயது இரட்டையர்களின் வழக்கு மாசசூசெட்ஸ் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. கொடுக்கிற பிள்ளைக்கு இதில் என்ன நன்மை? கூடப்பிறந்தது செத்துப்போனால் இதன் மனம் உடைந்துபோகும். அதைத் தவிர்ப்பதே நன்மை என்று நீதிமன்றம் ஏற்றது. 1972-ல் கனெக்டிகட்டில் ஏழு வயதுச் சிறுமிகளின் வழக்கிலும் ஏறக்குறைய இதே நியாயம்தான்.

பொய்யென்று தள்ள முடியவில்லை. அண்ணன் இல்லாத வீட்டில் அந்தச் சிறுமி எப்படி வளர்ந்திருப்பாள்? ஆனாலும் வரப்போகிற துக்கத்தையே காரணமாகக் காட்டிவிட்டால், 'மாட்டேன்' என்று சொல்ல அவளுக்கு இடமேது?

*

நம் நாட்டில் 2014-ன் உறுப்பு மாற்று விதிகளின்படி, உயிரோடிருக்கும் சிறார் உறுப்பு கொடுக்கக் கூடாது. விதிவிலக்கான மருத்துவக் காரணம் இருந்தால், அதை விரிவாக எழுதிவைத்து, மாநில அரசின் முன் அனுமதியும் பெற வேண்டும். கதவைச் சாத்தி, ஒரு சிறு இடுக்கு விட்டிருக்கிறார்கள். சரியென்றே படுகிறது.

2022 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 17 வயதுப் பெண் தன் அப்பாவுக்கு ஈரலின் ஒரு பகுதியைக் கொடுக்க அனுமதித்தது. சாப்பாட்டை மாற்றி, ஜிம்முக்குப் போய் உடம்பைத் தயார் செய்துகொண்டவள் அவள். தானே கேட்டு நின்றாள். எங்கள் சிறுமி கேட்கவில்லை, அவளிடம் கேட்டார்கள்.

*

பெரியவர் ஒருவர் கடைசி நேரத்தில் தயங்கினால், 'இவர் உடம்பு ஒத்துவராது' என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லி அவரை விடுவிக்கும் வழக்கம் மருத்துவர்களிடம் உண்டு. யாரும் அவரைப் பழிக்க மாட்டார்கள். குழந்தைக்கும் அந்த வழி வேண்டும். நோயாளிக்கு வைத்தியம் பார்க்காத வேறொருவர், பெற்றோர் இல்லாத அறையில், அவசரமில்லாமல் அவளோடு உட்கார வேண்டும். கொடுக்கிற பிள்ளைக்கென்றே தனியாக ஒருவர் வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2008-ல் சொன்னது. நம் வீடுகளுக்கு அது இன்னும் அவசியம். 'தங்கமான பிள்ளை' என்று முதுகைத் தடவிவிட்ட பிறகு, எந்தக் குழந்தை மறுக்கும்? அன்று நானும் தடவினேன்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையிடம் கையேந்த வேண்டி வந்தவள்.

*

அண்ணன் பிழைத்துக்கொண்டான். அவள் இப்போது வேலைக்குப் போகிறாள். போன பொங்கலுக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்தாள். அன்று மனசில் என்ன ஓடியது என்று கேட்க வாயெடுத்தேன். எதிரே அவள் அம்மா இருந்தாள். கேட்கவில்லை.