இருவகைப் படிக்கல்



தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவர் கத்திவெட்டு விழுந்த தோலைத் தள்ளிவைக்கிறார். அது யார் வீட்டு மாடு என்று கேட்பதில்லை. ஓட்டுப் போடுகையில் நாமோ, எதிர்க்கட்சிக்காரன் செய்தால் மகா பாவம் என்கிறோம். நம் சாதிக்காரன் செய்தால் சகஜம் என்கிறோம்.

2019-ம் வருஷம் ஏப்ரல் 18-ல் நடக்கவிருந்த வேலூர் பாராளுமன்றத் தேர்தல், ஏராளமான பணம் பிடிபட்டதால் இரண்டு நாள் முன்பாக ரத்தாயிற்று. ஆகஸ்டு 5-ல்தான் நடந்தது. கொடுப்பவனைத் தூற்றினோம், வாங்கக் காத்திருந்த கைக்காக யார் ஆத்தும சோதனை செய்தோம்?

வேட்பாளர் தம்மேலுள்ள குற்றவழக்குகளைப் பத்திரிகையில் வெளியிட வேண்டுமென்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. அதை வாசியுங்கள். நம்மவன் பெயரை நீக்கி, எதிரியின் பெயரை வைத்துப் பாருங்கள். அப்போதும் ஓட்டளிப்பீர்களா? ஆண்டவர் சமுகத்தில் இருவகைப் படிக்கல் செல்லாது. ஆமென்.